அந்தக் கடிதம் எங்களுக்கு எழுதப்படவில்லை

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு இரவு. பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் முடக்கப்பட்டிருந்தன. விபிஎன் ஒன்றைப் போட்டுத் திறந்தபோது முதலில் வந்து விழுந்தது ஒரு கடிதத்தின் படம். பிரதிப் பொலிஸ்மா அதிபர் ஒருவர் ஒப்பமிட்டது. திகதி ஏப்ரல் 11. சஹ்ரானின் பெயர் அதில் இருந்தது. அவரோடு இருந்தவர்களின் பெயர்களும் விலாசங்களும் இருந்தன. தற்கொலைத் தாக்குதலுக்குத் திட்டமிடுகிறார்கள் என்றும் பிரபலமான கத்தோலிக்க தேவாலயங்களும் இந்தியத் தூதரகமும் இலக்குகளாகலாம் என்றும் எழுதப்பட்டிருந்தது.

மட்டக்களப்பில் என் பெரியம்மாவின் மகள் இருக்கிறா. சீயோன் தேவாலயத்திலிருந்து அதிக தூரமில்லை. அன்று அவ வேறொரு தேவாலயத்துக்குப் போயிருந்தா. சீயோனில் இறந்த பிள்ளைகளில் இரண்டு பேர் அவவிடம் ரியூசன் படித்தவர்கள். கடிதத்தை அவவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் தொலைபேசியில் சத்தமில்லை. பிறகு கேட்டா: “பத்து நாளுக்கு முதல் எழுதியிருக்கு. எழுதினவங்களுக்கு எங்கட விலாசம் மட்டும் தெரியாமப் போச்சோ?”

கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்பதைப் பார்த்தால் அவவின் கேள்விக்குப் பதில் கிடைக்கும். அமைச்சர்கள், நீதித்துறையினர், வெளிநாட்டுத் தூதுவர்கள் போன்ற முக்கியஸ்தர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பான பொலிஸ் பிரிவுகளுக்கு அது எழுதப்பட்டது. உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைக் கவனமாகப் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். அந்த வகையில் கடிதம் தன் வேலையைச் செய்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளை உடுப்பும் பைபிளுமாகத் தேவாலயத்துக்குப் போகப்போகிறவர்களுக்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

உயிர்த்த ஞாயிறு தாக்குதலைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. பின்னால் யார் இருந்தார்கள், தெரிந்தே விட்டார்களா என்ற கேள்விகள் இன்னும் முடியவில்லை. அவற்றைத் தீர்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. நான் கேட்பது அதைவிடச் சிறிய கேள்வி. ஆபத்து வரப்போகிறது என்று அரசுக்குத் தெரிந்தால், அதைச் சனங்களுக்கு எப்படிச் சொல்ல வேண்டும்? மற்ற நாடுகள் எங்கே பிழைவிட்டன, எதைத் திருத்தின? எங்கள் சனம் அப்படி ஓர் அறிவித்தலை நம்பக்கூடிய நிலையில் இருக்கிறதா?

முதலில் நாட்கணக்கு. இந்தியப் புலனாய்வுத் தகவல் ஏப்ரல் 4ஆம் திகதி இலங்கையின் அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளருக்குக் கிடைத்தது. 7ஆம் திகதி அது தேசிய புலனாய்வுப் பிரதானிக்குப் போனது. 9ஆம் திகதி பொலிஸ்மா அதிபருக்குப் போனது. 11ஆம் திகதி நான் சொன்ன கடிதம். 20ஆம் திகதி இன்னொரு தகவல், இந்தமுறை இன்னும் அவசரமாக. ஒவ்வொரு மேசையிலும் ஓர் ஒப்பம், ஒரு பிரதி, ஒரு ‘தேவையான நடவடிக்கைக்காக’. பதினேழு நாட்கள் தகவல் மேலும் கீழுமாக நடந்தது. மேசைகளை விட்டு வீதிக்கு மட்டும் இறங்கவில்லை. கடிதத்தை டுவிட்டரில் வெளியிட்ட அன்றைய அமைச்சர் ஹரின் பெர்னாண்டோ, பெரிய தேவாலயங்களுக்குப் போகவேண்டாம் என்று தன் தந்தை தன்னிடம் சொன்னதாகப் பகிரங்கமாகவே சொன்னார். ஆக, எச்சரிக்கை ஒழுகத்தான் செய்தது. ஒழுகிய இடத்தில் யாருடைய வீடு இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் கொண்ட ஆயம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும், பொலிஸ்மா அதிபராக இருந்தவரும் அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளராக இருந்தவரும் தலா 7½ கோடி, பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் 5 கோடி, தேசிய புலனாய்வுப் பிரதானியாக இருந்தவர் 1 கோடி. தகவல் இருந்தும் தடுக்கத் தவறியதற்காக இந்த நாட்டில் அதிகாரத்தில் இருந்தவர்கள் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டது சிறிய விடயமில்லை. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகும், அடுத்தமுறை சனங்களுக்கு யார் சொல்வது, எந்த மணித்தியாலத்துக்குள் சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்று நம் வீட்டுக்கு வந்து விளங்கப்படுத்தியவர் ஒருவரும் இல்லை.

சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்குச் சீயோனிலேயே பதில் உண்டு. பையோடு வந்த அந்த ஆளில் சந்தேகப்பட்டு, உள்ளே விடாமல் வெளியில் மறித்துக் கதைத்த ஒருவர் அங்கே இருந்தார். குண்டு முற்றத்தில் வெடித்தது. அவரும் போனார், ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளும் போனார்கள். உள்ளே ஆராதனையில் இருந்த பெருங்கூட்டம் தப்பியது. ஓர் எச்சரிக்கையும் இல்லாமல், தன் கண்ணை மட்டும் நம்பி ஒரு மனிதர் செய்த வேலை அது. முதல்நாள் அவருக்கு ஒரு வரி தெரிந்திருந்தால் அந்த முற்றத்தில் பிள்ளைகளை நிற்கவிட்டிருப்பாரா? இன்னொன்றும் இருக்கிறது. கொச்சிக்கடையில் குண்டு வெடித்ததற்கும் மட்டக்களப்பில் வெடித்ததற்கும் இடையில் ஏறத்தாழ 20 நிமிடங்கள் இருந்தன. நாட்டிலுள்ள எல்லாத் தேவாலயங்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி போகும் ஏற்பாடு இருந்திருந்தால், அந்த 20 நிமிடம் நீண்ட நேரம்.

இதே ‘சிலருக்கு மட்டும்’ என்ற பிழையை முப்பது வருடங்களுக்கு முன்னர் அமெரிக்கா விட்டது. 1988 டிசம்பர் 5ஆம் திகதி பின்லாந்தின் ஹெல்சிங்கியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஜேர்மனியின் பிராங்பேர்ட்டிலிருந்து அமெரிக்கா போகும் பான் ஆம் விமானம் ஒன்றில் இரண்டு கிழமைக்குள் குண்டு வைக்கப்படும் என்று பேசியவர் சொன்னார். தகவல் விமான நிறுவனங்களுக்கும் தூதரகங்களுக்கும் போனது. மொஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தில் அது அறிவித்தல் பலகையிலேயே ஒட்டப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் வாசித்தார்கள், நத்தார் பயணத்தை மாற்ற விரும்பியவர்கள் மாற்றலாம். ரிக்கெற் வாங்கிய சாதாரண பயணிகளுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. டிசம்பர் 21ஆம் திகதி பான் ஆம் 103 விமானம் ஸ்கொட்லாந்தின் லொக்கர்பி ஊருக்கு மேல் வெடித்துச் சிதறியது. விமானத்திலும் நிலத்திலுமாக 270 பேர் இறந்தார்கள்.

அந்தத் தொலைபேசி அழைப்புக்கும் குண்டுக்கும் தொடர்பில்லை, அது தற்செயல் என்றுதான் விசாரித்தவர்கள் பிறகு முடிவுக்கு வந்தார்கள். ஆனால் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் அதோடு அடங்கவில்லை. உங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தகுந்ததாக இருந்த தகவல் எங்களுக்குச் சொல்லத் தகாததாக எப்படிப் போனது என்று கேட்டார்கள். அந்தப் போராட்டத்தின் பிறகு அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களத்தில் ஒரு விதி வந்தது. ‘இரட்டை அளவுகோல் இல்லை’ என்பது அதன் பெயர். ஓர் ஆபத்தைப் பற்றித் தூதரகம் தன் ஊழியர்களுக்கு எச்சரிக்கை கொடுத்தால், அதே ஆபத்து வெளியே உள்ள தன் நாட்டவர்களுக்கும் இருக்குமானால், அவர்களுக்கும் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த விதி வேலை செய்ததை நாங்கள் நேரிலேயே கண்டிருக்கிறோம். 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி, அறுகம்பைப் பகுதியில் சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் தாக்குதல் நடக்கலாம் என்று நம்பகமான தகவல் கிடைத்துள்ளதாகக் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகம் பகிரங்கமாக அறிவித்தது. தன் ஊழியர்கள் அங்கே போவதைத் தடைசெய்த அதே அறிவித்தலில் தன் பிரஜைகளையும் போகவேண்டாம் என்றது. இஸ்ரேல் தன் நாட்டவர்களை உடனே வெளியேறச் சொன்னது.

பொத்துவில் பக்கம் ஒரு தங்குமிடத்தில் சமையல் வேலை செய்யும் என் மச்சான் முறையான ஒருவர் அன்று நடந்ததைச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தாராம். மேலே அறைகளில் சூட்கேஸ் உருளும் சத்தம். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி இறங்கி வந்து தொலைபேசியைக் காட்டி, “யூ ஓல்சோ கோ” என்றாளாம். “என்னத்துக்குப் போகச் சொல்றாளெண்டு விளங்கல்ல. முதலாளிக்கும் தெரியா. பொலிஸ் வந்து ரோட்டுல நிண்ட பிறகுதான் ஏதோ இருக்கெண்டு தெரிஞ்ச. மீனை என்ன செய்யிறெண்டு நான் யோசிச்சுக்கிட்டு நிக்கிறன்.”

பிறகு பொலிஸ் பேசியது. தங்களுக்கும் தகவல் கிடைத்திருந்தது, பாதுகாப்பு ஏற்கனவே போடப்பட்டிருந்தது என்றார்கள். கைதுகளும் நடந்தன, தாக்குதல் நடக்கவில்லை. 2019ஐவிட இது எவ்வளவோ மேல், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அறுகம்பையில் பிறந்து வளர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தங்கள் ஊருக்கு வந்த ஆபத்தை, வேறொரு நாட்டின் தூதரகம் ஆங்கிலத்தில் வேறு யாருக்கோ எழுதிய அறிவித்தலிலிருந்துதான் முதலில் அறிந்துகொண்டார்கள். வெள்ளைக்காரி போகலாம். மச்சானுக்கு அங்கேதான் வீடு. அவர் பஸ் ஏறாமல் இருக்க வேண்டுமா, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா, கடற்கரைக் கடையைத் திறக்கலாமா என்று சொல்லும் அறிவித்தல் ஒன்றும் அவர் கைக்கு வரவில்லை.

அரசாங்கங்கள் ஏன் சொல்லத் தயங்குகின்றன? வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், சனம் பதறிப்போகும் என்பது. இதை நான் நம்புவதில்லை. அனர்த்தங்களின்போது மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று ஆராய்ந்த சமூகவியலாளர்களும் நம்புவதில்லை. டென்னிஸ் மிலெட்டி என்ற அமெரிக்க ஆய்வாளர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த எச்சரிக்கை விடயத்துக்கே செலவழித்தவர். எச்சரிக்கை கேட்டவுடன் ஆட்கள் கண்மண் தெரியாமல் ஓடுவதில்லை. பக்கத்து வீட்டில் கேட்பார்கள், மகளுக்கு போன் எடுப்பார்கள், வேறொரு செய்தியில் பார்ப்பார்கள். உறுதிப்படுத்திய பிறகுதான் அசைவார்கள். சனத்தைப் பதறவைப்பதைவிட அசையவைப்பதுதான் கஷ்டம். அசைய வைக்கும் அறிவித்தலில் என்ன ஆபத்து, எந்த இடம், எப்போது, நீங்கள் என்ன செய்ய வேண்டும், இதைச் சொல்வது யார் என்ற ஐந்தும் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆய்வின் முடிவு.

இதற்குப் படிப்புத் தேவையில்லை, யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் சிறுபிள்ளையாக இருந்திருந்தால் போதும். பொம்மர் இரைச்சல் கேட்டால் என்ன ஆபத்து என்று தெரியும். வளவுக்குள் பதுங்குகுழி எங்கே என்று தெரியும். ஆச்சியை யார் தூக்குவது, விளக்கை யார் நூர்ப்பது என்றும் தெரியும். இரைச்சல் தேய்ந்து போனால் வெளியே வரலாம் என்பதும் தெரியும். எங்களுக்கு ஒருவரும் சைரன் பூட்டித் தரவில்லை. அந்த இரைச்சலிலேயே ஐந்தில் நான்கு இருந்தன.

இந்த ஐந்தும் இல்லாத எச்சரிக்கை என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவின் நிற அட்டவணை உதாரணம். 2001 தாக்குதலுக்குப் பிறகு, 2002 மார்ச்சில் அதைக் கொண்டுவந்தார்கள். பச்சை, நீலம், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. ஒன்பது வருடத்தில் நாடளாவிய நிறம் ஒருநாளும் மஞ்சளுக்குக் கீழே இறங்கவில்லை. சிவப்பு ஒரேயொரு தடவை, 2006 ஓகஸ்டில், பிரித்தானியாவிலிருந்து வரும் விமானங்களுக்கு மட்டும். விமான நிலையத்தில் ‘இன்று செம்மஞ்சள்’ என்று ஒலிபெருக்கி சொல்லும், கேட்பவர் கோப்பி வாங்கப் போவார். செம்மஞ்சள் என்றால் என்ன செய்வது? 2003இல் ஒருமுறை, பிளாஸ்ரிக் விரிப்பும் ஒட்டும் நாடாவும் வாங்கி வையுங்கள் என்று சொன்னார்கள். கடைகளில் நாடா முடிந்தது, நாடெல்லாம் பகிடி ஆனது. நிறத்தைக் கூட்டிக் குறைப்பதில் அரசியல் இருக்கிறது என்ற சந்தேகமும் சேர்ந்து, 2011 ஏப்ரலில் அட்டவணையைக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த முறையில் ஒரு நல்ல விடயம் உண்டு. ஒவ்வோர் எச்சரிக்கையும் முடியும் திகதியோடு வரும். நீடிக்க வேண்டுமென்றால் மறுபடியும் காரணம் சொல்ல வேண்டும். அவசரகாலச் சட்டத்தை மாதாமாதம் நீடித்துப் பழகிய நாட்டில் இருப்பவர்களுக்கு அந்த முடிவுத் திகதியின் அருமை தெரியும்.

பிரித்தானியா 2006 ஓகஸ்டிலிருந்து தன் அச்சுறுத்தல் மட்டத்தைப் பகிரங்கமாகச் சொல்லி வருகிறது. அங்கும் ஐந்து படிகள். சர்வதேச பயங்கரவாதத்துக்கான மட்டத்தைத் தீர்மானிப்பது அமைச்சர்கள் அல்ல, புலனாய்வு அமைப்புகளும் பொலிஸும் சேர்ந்த ஒரு பகுப்பாய்வு நிலையம். 2017 மே 22இல் மன்செஸ்ரர் இசை நிகழ்ச்சியில் குண்டு வெடித்த மறுநாள் அதி உயர் படிக்கு ஏற்றினார்கள், 27ஆம் திகதி ஒரு படி இறக்கினார்கள். ஏற்றியதைப் போலவே இறக்கியதையும் நாட்டுக்குச் சொன்னார்கள். அதோடு, தாக்குதலில் அகப்பட்டால் ஓடு, ஒளி, தகவல் சொல் என்ற மூன்று சொற்களைப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும் அளவுக்குப் பரப்பியிருக்கிறார்கள். மட்டம் என்ன என்று மறந்தவருக்கும் அந்த மூன்று சொல் ஞாபகம் இருக்கும்.

எச்சரிக்கை கொடுப்பதே போதும் என்று நினைக்கவும் கூடாது. 1998 ஓகஸ்ட் 15, வட அயர்லாந்தின் ஒமா நகரம், சனிக்கிழமைச் சந்தை நேரம். குண்டு வைத்தவர்கள் தொலைபேசியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் என்று பொலிஸ் விளங்கிக்கொண்டது. அங்கிருந்த சனத்தை வீதியின் மற்ற முனைக்கு நகர்த்தினார்கள். கார்க்குண்டு நின்றது அந்த முனையில். 29 பேர் இறந்தார்கள். பொலிஸார் தங்களால் முடிந்ததைச் செய்தவர்கள்தான். இடம் பிழைத்த எச்சரிக்கை, எச்சரிக்கை இல்லாததைவிட மோசமாகலாம்.

ஒமாவைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நவாலிதான் ஞாபகம் வரும். 1995 ஜூலை 9. படை நடவடிக்கை தொடங்கிய நேரத்தில் சனங்களைக் கோயில்களிலும் தேவாலயங்களிலும் போய்த் தங்கும்படி சொன்னார்கள், விமானத்திலிருந்து துண்டுப்பிரசுரம் போட்டார்கள். சனம் சொன்னபடி செய்தது. நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் மீது விமானப்படையின் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி குடும்பம் அங்கே இருந்தது. 2009இல் வன்னியில் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தார்கள், வலயத்துக்குள் ஷெல் விழுந்தது. வலயத்தை மாற்றி அறிவித்தார்கள், அங்கும் விழுந்தது. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் இதைத் தெளிவாகவே எழுதியது. மிலெட்டியின் ஐந்தில் கடைசியாக வரும் ‘இதைச் சொல்வது யார்’ என்பது மற்ற நாடுகளில் ஒரு சின்ன விடயம். எங்களுக்கு அதுதான் முதல் கேள்வி. நாளைக்கு அரசாங்கம் உண்மையான தகவலோடு, நல்ல நோக்கத்தோடு, சுத்தத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாலும் என் அம்மா அதை நம்பி வீட்டை விட்டு இறங்குவாவா? “இவங்கள் சொன்ன இடத்துக்குத்தானே போனவை” என்பா.

அதனால்தான் சொல்பவர் ஒருவராக இருக்கக்கூடாது என்று நினைக்கிறேன். பொலிஸுக்குத் தகவல் தெரிந்தால், அதை ஆயர் இல்லத்துக்கும் கோயில் பரிபாலன சபைக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் அதிபருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல ஒரு பட்டியல் வேண்டும். சனம் பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் நம்பும் என்றால், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பயமும் எங்களுக்கு உண்டு, அது எச்சரிக்கையைப் பற்றிய பயம். பயங்கரவாதம் என்ற சொல் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயராக வந்து எங்கள் வீடுகளிலிருந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போன சொல். 2007இல் நான் வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்தேன். பஸ்ஸிலும் ரயிலிலும் குண்டு வெடித்துச் சாதாரண சனம் சாகும் காலம். எச்சரிக்கை தேவைதான். பஸ்ஸுக்குள் ஒட்டியிருந்த அறிவித்தல், சந்தேகத்துக்கிடமான பொதிகளையும் ஆட்களையும் கண்டால் 119க்குச் சொல்லச் சொன்னது. பொதி சரி. சந்தேகத்துக்கிடமான ஆள் எப்படி இருப்பார் என்று அதில் இல்லை. ஒருநாள் இருக்கைக்குக் கீழே யாரோ மறந்துவிட்ட பை ஒன்று இருந்தது. அப்போது அம்மாவின் அழைப்பு வந்து நான் தமிழில் ‘ஓமம்மா’ என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் பையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். பம்பலப்பிட்டியில் இறங்கி மிச்சத் தூரம் நடந்தேன். அந்த வருடம் ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழர்களைப் பாதுகாப்பு என்ற பெயரில் பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தடுத்தது.

ஆபத்து என்ன என்று சொல்லாமல் கவனமாக இருங்கள் என்று மட்டும் சொன்னால், அந்த இடைவெளியை அவரவர் தங்களுக்குப் பிடிக்காத ஆட்களால் நிரப்புவார்கள். 2019 மே மாதம் முஸ்லிம்களுக்கு அதுதான் நடந்தது. மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கத்திலும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. பாணந்துறையிலோ பருத்தித்துறையிலோ கடை வைத்திருந்தவருக்கும் சஹ்ரானுக்கும் என்ன தொடர்பு? அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் சிலரும் முகப்புத்தகத்தில் எழுதியவை எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2007இல் பஸ்ஸில் நான் பட்ட பார்வையை வேறொருவர் மேல் போட நாங்களும் தயங்கவில்லை.

புலனாய்வுக்காரர்களையே அந்தப் பழக்கம் ஏமாற்றியது. 2018 நவம்பர் 30ஆம் திகதி மட்டக்களப்பு வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். மாவீரர் நாள் முடிந்து மூன்றாம் நாள். சந்தேகம் உடனே முன்னாள் போராளிகள் மேல் போனது. ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்த பிறகுதான் அதைச் செய்தது சஹ்ரானின் குழு என்று தெரியவந்தது, 2019 மே மாதம் அவரை விட்டார்கள். அந்த ஐந்து மாதமும் உண்மையான ஆட்கள் வெளியில் இருந்தார்கள்.

ஏப்ரல் 11ஆம் திகதிக் கடிதத்தை எடுத்து, அதைச் சனங்களுக்கான அறிவித்தலாக மாற்ற ஒருநாள் முயன்று பார்த்தேன். புலனாய்வு மூலத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்பது நியாயமான கவலை, அதனால் பெயர்களையும் விலாசங்களையும் எடுத்துவிட்டேன். எந்தச் சமூகத்தின் பெயரும் தேவைப்படவில்லை. மிச்சம் இவ்வளவுதான்:

“நாட்டின் தேவாலயங்களில் விரைவில் தற்கொலைத் தாக்குதல் நடக்கலாம் என்று நம்பகமான தகவல் கிடைத்துள்ளது. பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு ஆராதனைகளுக்குப் பைகளுடன் வரவேண்டாம். பையுடன் வருபவரை வெளி வாசலிலேயே நிறுத்துங்கள். பிள்ளைகளை முற்றத்தில் கூட்டமாக நிற்கவிட வேண்டாம். விரும்பியவர்கள் வீட்டிலிருந்து செபிக்கலாம். சந்தேகமிருந்தால் 119. இந்த அறிவித்தல் ஏப்ரல் 28ஆம் திகதி முடிவடையும், அதற்கு முன் மீண்டும் அறிவிப்போம்.”

சஹ்ரான் இதை வாசித்திருந்தால் திட்டத்தை மாற்றியிருப்பார் என்று ஒரு நண்பர் சொன்னார். மாற்றியிருக்கலாம், வேறு இடத்தில் அடித்திருக்கலாம். கடிதத்தில் இருந்தது கத்தோலிக்க தேவாலயங்கள், சீயோன் கத்தோலிக்க தேவாலயமே அல்ல என்பதும் உண்மை. ஆனால் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் பையோடு வந்தவர் சனத்தின் நடுவுக்குப் போயிருக்கமாட்டார். ஒன்றும் நடக்காமல் போயிருந்தால் அரசாங்கத்தைத் திட்டியிருப்போம். அந்தத் திட்டை வாங்குவதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

இந்த நாட்டுக்கு எச்சரிக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. மழை கூடினால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளில், பிரதேச செயலகப் பிரிவின் பெயர் போட்டு விடுகிறது. மூன்றாம் நிலை என்றால் வெளியேறு. 2004 சுனாமிக்கு ஒரு சொல்லும் வராத கரையில், 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தபோது அறிவித்தல் வந்தது, சனம் நடந்து உள்ளூருக்குப் போனது, ஆபத்து நீங்கியதும் திரும்பி வந்தது. குறைகள் நிறைய உண்டு, தமிழில் பிந்தி வருவது அதில் பெரியது. ஆனாலும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்திலிருந்து கிராம சேவகர் வரை ஒரு பாதை இருக்கிறது. மலை சரிந்தால் என் வீட்டுக்கு வரும் செய்தி, மனிதர் குண்டோடு வந்தால் ஏன் அமைச்சரின் மெய்ப்பாதுகாவலரோடு நின்றுவிடுகிறது? அதே பாதையில் இதையும் அனுப்பலாம். முக்கியஸ்தருக்குப் போகும் எச்சரிக்கை, அதே ஆபத்து சனத்துக்கும் இருந்தால், குறிப்பிட்ட மணித்தியாலங்களுக்குள் மூன்று மொழியிலும் சனத்துக்கும் போக வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி எழுதலாம். லொக்கர்பிக் குடும்பங்கள் கேட்டு வாங்கிய வரி அது. எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக வரும் ஒவ்வொரு வரைவையும் எதிர்த்துப் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். அந்தப் பேச்சோடு இந்த வரியையும் கேட்டால் என்ன?

ஒவ்வொரு வருடமும் உயிர்த்த ஞாயிறு வந்தால் தேவாலய வாசலில் துப்பாக்கியோடு ஆட்கள் நிற்கிறார்கள். போன முறை அக்காவோடு மட்டக்களப்பில் நான் நின்றேன். வாசலில் ஒரு பொலிஸ் தம்பி அவவின் கைப்பையைத் திறந்து பார்த்தார். செபமாலை, கண்ணாடி, ஒரு பெனடோல் காட். அக்கா அவரிடம் தமிழில் கேட்டா: “ஏதும் தகவல் வந்திருக்கா தம்பி, இல்லாட்டி வழமைக்கு நிக்கிறீங்களா?”

அவருக்குத் தமிழ் விளங்கியது. “தெரியா அம்மா, நிக்கச் சொன்னது, நிக்கிறன்,” என்றார்.

அக்கா உள்ளே போய், வழக்கமாக இருக்கும் முன்வரிசையை விட்டு, பக்கக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தா.